காசிராஜன் அண்ணாச்சியின் உள்ளங்கால்

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற பெண்ணைக் கவனிக்காமல், காசிராஜன் அண்ணாச்சி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துத் தாங்களும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் மோதிரமா என்று விசாரித்தார். அண்ணாச்சி நிமிர்ந்து, "வெடிப்பு வே. தூண்ல கெளம்பி நேரா மணமேடைக்குப் போவுது" என்று என் காதோடு சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் சந்தனத்தைத் தொட்டார்.

அவருக்கு மனிதர்கள் முகத்தால் ஞாபகம் இருப்பதில்லை. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி, அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் சேர்ந்து போனதையும் சொல்லிப் பார்த்தேன். விழித்துக்கொண்டு நின்றார். "கழுவி விட்டா மூலையில தண்ணி நிக்குமே, அந்த ஆளா?" என்று கொஞ்ச நேரம் கழித்து அவரே கண்டுபிடித்தார். வங்கிக்குள் போனால் வரிசையில் நிற்கும்போதே கால் கட்டைவிரலால் டைல்ஸைத் தட்டி, அடியில் பொள்ளலாக இருக்கிற இடத்தை எனக்குக் கண்ணால் காட்டுவார். மேனேஜர் நல்ல மனிதர் என்பதால் இதுவரை எங்களை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை.

தரை போடுவது அவர் தொழில். வீட்டுத் தரை அல்ல. தறிக்கூடம், அரிசி ஆலை, லாரி ஏறி இறங்குகிற குடோன் என்று நாள் முழுக்க அடி வாங்குகிற தரைகள். சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காங்கிரீட்டில் இரும்பு இழை கலந்து தரை போட வேண்டும் என்றால் அவருக்குத்தான் போன் வரும். இழை என்பது விரல் நீளத்துக்கு வெட்டிய மெல்லிய கம்பி. இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு வளைவு இருக்கும். விற்கிறவர்கள் ஸ்டீல் ஃபைபர் என்கிறார்கள். அண்ணாச்சியின் ஆட்கள் 'முடி' என்கிறார்கள். வேலை மும்முரத்தில் "இன்னொரு மூடை முடி கொண்டா" என்று யாராவது சத்தம் போட்டால், தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அவர் வீட்டு முற்றத்தில் முருங்கை மரத்தடியில் எப்போதும் இரண்டு காங்கிரீட் பலகைகள் கிடக்கும். ஒரே அளவு, ஒரே கலவை, ஒரே நாளில் வார்த்தவை. ஒன்றில் முடி உண்டு, மற்றதில் கிடையாது. தரை போடக் கேட்டு வருகிறவர்களுக்கு ஆறுமுகத்தாய் மதினி காபி கொண்டுவந்து வைப்பார். அண்ணாச்சி சம்மட்டியைக் கொண்டுவந்து வைப்பார். காபி ஆறட்டும், முதலில் அடியுங்கள் என்பார். முடி இல்லாத பலகை சட்டென்று இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் விழும். மற்றது அவ்வளவு லேசில் மசியாது. வெடிப்பு விடும், ஆனால் பிரியாது. வந்தவர் வேர்த்து விறுவிறுத்துச் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கும்போது, அண்ணாச்சி பலகையைத் திருப்பி வெடிப்புக்குள் பார்க்கச் சொல்வார். உள்ளே இழைகள் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

இவ்வளவு வேடிக்கை காட்டுகிறவர் வியாபாரம் பேசத் தெரியாதவர். இதைப் போட்டால் தரை வெடிக்கவே வெடிக்காதுதானே என்று வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை கைக்கு வந்துவிடும். சொல்ல மாட்டார்.

"அமுக்குற பலம் பெரிசா ஒண்ணும் கூடாது. வெடிக்காதுன்னும் சொல்ல மாட்டேன். வெடிச்ச பொறவுதான் இதுக்கு வேலையே. வெடிப்பை அகல விடாம பிடிச்சுக்கிடும், அம்புட்டுதான்."

தூணுக்கும் உத்திரத்துக்கும் கம்பிக்குப் பதிலாக இதையே போட்டுவிடலாமா என்று கேட்டு வருகிறவர்களைக் காபி குடிக்க வைத்து, அதெல்லாம் இன்ஜினியரிடம் கேட்டு முறையாகக் கம்பி கட்டிச் செய்யுங்கள் என்று அனுப்பிவிடுவார். வந்த வேலையை வாசலோடு அனுப்புகிற மனிதரைத் தான் கட்டிக்கொண்டதைப் பற்றி மதினி எங்கள் வீட்டில் வந்து அடிக்கடி சொல்லிவிட்டுப் போவார்.

அண்ணாச்சி ஆதியில் தறி ஓட்டியவர். எங்கள் தெருக் கடைசியில் இருக்கிற சங்கரபாண்டியன் தறிக்கூடத்தில், சங்கரபாண்டியனின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது தெருவில் வீட்டுக்கு வீடு தறிதான். எங்கள் வீட்டில் டம்ளரில் தண்ணீர் வைத்தால் அது வளையம் வளையமாக நடுங்கும். சுவரில் மாட்டிய சாமி படங்கள் நாளாக நாளாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை பூ வைக்கும்போது அம்மா அவற்றை நிமிர்த்துவார். கரண்ட் போய்த் தறிகள் நின்றால் தொட்டிலில் தூங்குகிற பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். அந்தச் சத்தத்தை நாங்கள் திட்டாத திட்டில்லை. பிறகு இடம் பற்றாமல் தறிகள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே பெரிய கட்டடங்களுக்குப் போய்விட்டன. சங்கரபாண்டியன் கூடம் மட்டும் தெருவில் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டுப் படங்கள் மாட்டியது மாட்டியபடி நேராக இருக்கின்றன. எனக்கு அதைப் பார்க்க என்னவோ போலத்தான் இருக்கிறது.

கூடத்துக்குள் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. அதனால் தறிக்காரர்களுக்குக் கையால் பேசும் பாஷை ஒன்று உண்டு. இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. ஒரு விரலைச் சுழற்றினால் தார் தீர்ந்துவிட்டது, சுற்றிய நூல் வேண்டும். மீசையைத் தொட்டால் முதலாளி வருகிறார். உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்து அசையாமல் பிடித்தால் தறி நிதானமாக நிற்கிறது. அதே கையை நடுங்கவிட்டால் தறி ஆடுகிறது, வந்து பார்.

மதினி அப்போது மேற்குச் சுவரோரம் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தவர். அண்ணாச்சிக்குத் தார் அளவுக்கு மீறி வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்ததாக இன்றைக்கும் சொல்வார். விரலைச் சுழற்றிக் கேட்பார், மதினி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்புவார். ஒருநாள் அண்ணாச்சி ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு உள்ளங்கையை விரித்து நடுங்கவிட்டுக் காட்டினார். தறிக்கூடத்தில் இப்படி ஒரு செய்தியை அதுவரை யாரும் அனுப்பியதில்லை. மதினி பார்த்தும் பார்க்காதவர்போல ராட்டையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெண் கேட்டு ஆள் அனுப்பி, கல்யாணம் முடிந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கி வெளியூருக்கு அனுப்பிய பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அண்ணாச்சியின் தீராத குறை. மதினி முன்னாலேயே சொல்வார். மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

அந்தக் கூடத்தின் பழைய தரையைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்கு நேரம் போவது தெரியாது. தறி அடிக்கிற அடியில் அது வருஷம் தவறாமல் வெடிக்கும். தறியின் ஒரு கால் இறங்கும், நூல் அறும், கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போவார். கொத்தனாருக்கு மட்டப்பலகை பிடிக்கப் போன காசிராஜன், கொஞ்சம் கொஞ்சமாகத் தறியை விட்டுத் தரைக்கு இறங்கிவிட்டார்.

ஆனால் அவருக்கு ஞாபகம் நிற்பது அந்த வெடிப்புகள் அல்ல, அந்த நடுக்கம். "நாலு தறி தள்ளி ஒண்ணு நின்னா காலு சொல்லிரும் வே. காதுக்குத் தெரியாது. காதுதான் அவிஞ்சு போயிருக்குமே. உள்ளங்காலு வழியா ஏறி முழங்காலு வரைக்கும் வரும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காலு ஓடிக்கிட்டே கெடக்கும்" என்பார். சொல்லும்போது அறியாமலேயே பாதத்தைத் தரையில் அழுத்திக்கொள்வார்.

பெரிய பாதங்கள். விரல்கள் விசிறியாக விரிந்திருக்கும். செருப்புக் கடையில் அவர் அளவுக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் போட மாட்டார். வண்டியின் கொக்கியில் ஒரு ஜோடி தொங்கும். அது வண்டிக்கு வாங்கியது என்று நாங்கள் கேலி செய்வோம்.

இரும்பு இழையை அவர் முதன்முதலில் ஒரு வெளியூர்க் குடோனில் பார்த்தார். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டு வந்து, கடையநல்லூரில் நியாஸ் அகமது புதிதாகக் கட்டிய தறிக்கூடத்தில் இறக்கினார். மூடையைப் பிரித்து மிக்சருக்குள் மொத்தமாகக் கொட்டினார். முடி ஒன்றோடொன்று சிக்கித் தேங்காய் நார் உருண்டைகளாகத் திரண்டது. கலவை விறைத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. ஆட்கள் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தார். தண்ணீர் கூடினால் காங்கிரீட் பலவீனமாகும் என்பது தெரிந்தும் கொடுத்தார். மேல் பரப்பைக் குடோனில் பார்த்தபடியே தேய்த்து முடித்தார்.

குடோனில் நடப்பது லாரி டயரும் செருப்புக் காலும். தறிக்கூடத்தில் எல்லோரும் வெறுங்கால். நூல் கிடக்கிற இடத்தில் யாரும் செருப்போடு நடப்பதில்லை. வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடு தறி ஓட்டிய மனிதர் தரை போடும்போது அதை மறந்துவிட்டார். நீட்டிக்கொண்டிருந்த இழைகளில் தறியிலிருந்து பறக்கும் பஞ்சு வந்து வந்து சிக்கியது. மாதம் ஒன்று போவதற்குள் அங்கே தார் சுற்றுகிற மீரா பீவி ஆள் விட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணாச்சி போனதும் அந்த அம்மாள் தரையைக் காட்டிச் சொன்னார்:

"ஒங்க தரைக்கு நரைச்ச தாடி மொளச்சிருக்கு அண்ணாச்சி. செரைச்சு விட்டுட்டுப் போங்க."

கூடமே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். பிறகு மீரா பீவி தன் குதிகாலைத் திருப்பிக் காட்டினார். அதில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அண்ணாச்சிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தரை முழுவதையும் முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து, கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு முடியாக வெட்டி, சரிப்படாத இடங்களைப் பெயர்த்து மறுபடி போட்டுக் கொடுத்தார். நியாஸ் அகமது ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, வேளை தவறாமல் சாப்பாடு போட்டார் என்பதை இப்போதும் கூச்சத்தோடுதான் சொல்கிறார்.

அதிலிருந்து அவருடைய வேலைமுறை மாறியது. முடியை, சாம்பாருக்கு மல்லித்தழை தூவுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார்கள். கலவை இறுகினால் தண்ணீர் கிடையாது, அதை இளக்குவதற்கென்று கேனில் வருகிற மருந்துதான். மேற்பரப்பைத் தேய்க்கிற மிஷின் எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். எல்லாம் முடிந்து, தண்ணீர் கட்டி ஈரம் காத்து, தரை காய்ந்த பிறகு கடைசியாக ஒரு வேலை உண்டு. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெறுங்காலோடு தரை முழுவதும் நடப்பார். தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா போய்ப் போய்த் திரும்புவதுபோல, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, ஓர் அடி தள்ளி மறுபடி. முதலாளி, தறிக்காரர்கள், தார் சுற்றும் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்ப்பார்கள். எங்காவது குத்தினால் அங்கேயே உட்கார்ந்து வெட்டித் தேய்த்துப் பூசுவார். முடிந்ததும், "தறியை இறக்குங்க" என்பார். அவர் அதைச் சொல்லாமல் யாரும் தறியை இறக்குவதில்லை. பூஜைக்கு நல்ல நேரம் குறித்திருந்தாலும் அவர் கால் நடந்து முடிகிற வரை ஐயர் காத்திருப்பார்.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அண்ணாச்சி வழக்கம்போலக் கோமதியம்மன் கோயிலில், வெறுங்காலோடு பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ஆடிச்சுற்று சுற்றினார். நானும் கூடப் போயிருந்தேன். உச்சி வெயில், கல் கொதித்தது. நான் நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மட்டும் நெல் காயப்போட்ட களத்தில் நடப்பதுபோல நிதானமாக நடந்தார். ஒரு பெண் தன் பிள்ளையைக் கூட்டிவந்து அவர் காலில் விழச் சொன்னாள். கோமதியம்மன் தன் மேல் இரங்கிவிட்டதாக அவருக்கும் ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது மதினிதான் பார்த்திருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"அம்மன் அருளுன்னு நெனச்சேன் வே. கடைசில பாத்தா சக்கரை."

டாக்டர் ஊசிமுனை, பஞ்சு, குளிர்ந்த கரண்டி என்று எதையெதையோ காலில் வைத்துத் தெரிகிறதா என்று கேட்டாராம். எதுவும் தெரியவில்லை. நரம்பு போய்விட்டது, இனி வெறுங்காலில் ஓர் அடி வைக்கக்கூடாது, புண் வந்தால் பாதத்தையே இழக்க நேரிடும் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்கிற, மெத்தென்ற கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு வந்தது. அண்ணாச்சி அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகத் தெருவில் நடந்து வந்தபோது என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. வேறு யாரோ மாதிரி இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சங்கரபாண்டியன் வந்தார். கூடத்தில் கனமான புதுத் தறிகள் இறக்கப் போகிறார், பழைய தரை தாங்காது, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அண்ணாச்சி சம்மட்டியைக் கொண்டுவந்து வைக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

பழைய தரையைப் பெயர்க்கும்போது நான் போயிருந்தேன். அவருடைய தறி நின்ற இடத்தில் ஒரு துண்டு, எண்ணெய் ஊறிக் கறுத்து, அவர் நின்று நின்று தேய்ந்து லேசாகக் குழிந்திருந்தது. அதைக் கையில் எடுத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எடுத்துப்போகப் போகிறார் என்று நினைத்தேன். உடைந்த சில்லுகளோடு சில்லாக அடியில் போட்டு இடித்துக் கெட்டிக்கச் சொல்லிவிட்டார். அதன் மேல் புதுக் காங்கிரீட் கனமாக ஏறியது. இனி நடுக்கம் குறையுமா என்று கேட்டேன். முடி நடுக்கத்தை நிறுத்தாது, அடித்தளத்தின் கெட்டிப்பும் தரையின் கனமும்தான் நிறுத்தும் என்றார். குறைந்துவிடும் என்று சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

தரை காய்ந்து நடக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நீட்டிக்கொண்டிருக்கிற முடியைக் கண்டுபிடிக்கத் தரையில் காந்தத்தை இழுத்துப் பார்த்தாராம், அது உள்ளே புதைந்திருக்கிற முடிக்கெல்லாம் சேர்த்து ஒட்டுகிறது. பழைய பருத்திச் சேலையை விரித்து இழுத்துப் பார்த்தாராம், நிமிர்ந்து நிற்பது சிக்குகிறது, சாய்ந்து கிடப்பது தப்பிவிடுகிறது. கையால் தடவலாம் என்றால் சிமெண்டில் ஊறிய கை, தோல் செருப்புத் தோலாகக் காய்த்திருக்கிறது.

பேசாமல் வழக்கம்போல நடந்துவிடுங்கள், யாருக்குத் தெரியும் என்று நான்தான் சொன்னேன். அவர் நலனை நினைத்துச் சொன்னதுகூட அல்ல. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னேன்.

"நடக்கலாம். தறியை இறக்குங்கன்னு சொல்லலாம். பொறவு ஒரு பிள்ளைக்குக் காலு கிழிஞ்சுட்டுன்னு வந்து சொன்னா, நான் என்னத்துக்கு நடந்தேன்?" என்றார். பிறகு தன் குதிகாலைத் தடவிக்கொண்டே, "மீரா பீவி காலு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கு வே" என்றார்.

வேலையை விட்டுவிடப் போகிறார் என்று எனக்குப் பட்டது. தரையைப் பார்க்காத காசிராஜன் அண்ணாச்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆறுமுகத்தாய் மதினி அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றார்.

"நான் நடக்குதேன். எனக்குத் தெரியாத கூடமா அது?"

அண்ணாச்சி திரும்பித் தெருப் பக்கம் பார்த்தார். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்திருப்பார். மதினி அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், குதிகாலைப் படிக்கல்லில் தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் கூடத்து வாசலில் எல்லோரும் நின்றார்கள். அண்ணாச்சி செருப்போடு வந்து இறங்கியதிலேயே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சங்கரபாண்டியன் கறுப்புச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"எங்காலு செத்துப்போச்சு. நான் நடந்தா அது பொய்யி. இவ நடப்பா. இவ சொன்னா நான் சொன்னது."

தார் சுற்றும் பெண்களில் ஒருத்தி மட்டும், அக்கா பார்த்துப் போங்க என்றாள். மதினி சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் ஏறினார். அவர் முன்னால், அண்ணாச்சி பின்னால். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, ஓர் அடி தள்ளி மறுபடி. அண்ணாச்சி தரையைப் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்க்காமல் நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மதினியின் குதிகாலையே பார்த்துக்கொண்டு போனார். மேற்குச் சுவரோரம் தார் சுற்ற உட்கார்ந்த இடம் வந்தபோது மதினி நிற்கவில்லை. அங்கே ஒன்றும் குத்தவில்லை. வாசலுக்குக் கிட்டத்தில், எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், சட்டென்று காலைத் தூக்கினார்.

அண்ணாச்சி குனிந்தார். கண்ணுக்கே தெரியாமல் சாய்ந்து கிடந்தது ஒரு முடி. மதினியின் பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து, எல்லோர் முன்னாலும், தோல் கிழியவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் பிளேயரை எடுத்தார். வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்துப் பூசினார். மிச்சமிருந்த தரையையும் நடந்து முடித்துவிட்டு மதினி அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தறியை இறக்குங்க" என்றார் அண்ணாச்சி. சங்கரபாண்டியன் மதினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

தறிகள் இறங்கி, பூஜை போட்டு, ஓட்டம் தொடங்கிய நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பழைய சத்தம் திரும்பி வந்ததுபோல இருந்தது. என் வயதுக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தறி இறங்கிய கூடத்துக்குள் செருப்போடு போகக்கூடாது, செருப்பில்லாமல் நடக்க டாக்டர் விடவில்லை. அண்ணாச்சி நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டார். மதினி உள்ளே, மேற்குச் சுவரோரம், பெண்களோடு பெண்ணாக நின்றார். நானும் உள்ளேதான் நின்றேன். காது அடைக்கிற சத்தம். ஆனால் தரை, வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல, அசையாமல் கிடந்தது.

அண்ணாச்சி வாசலிலிருந்து தன் காலைத் தொட்டுக்காட்டி, எப்படி என்று கையைச் சுழற்றிக் கேட்டார். மதினி உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்து, அசையாமல் பிடித்துக் காட்டினார். தறி நிதானமாக நிற்கிறது. அண்ணாச்சி தொழில்காரருக்கு உரிய மிதப்பில் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்தும் ஒரு தடவை ஆட்டினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, எம்.சி.ஆர். செருப்புக்குள் இருக்கிற காலை நிலைப்படிக் கல்லில் அழுத்திப் பார்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. அவர் முகம் வாடிப்போனது.

மதினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெண்கள் தறியைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு வாசலை நோக்கி உள்ளங்கையை விரித்து, மெல்ல நடுங்கவிட்டார்.